சாவிக்கொத்து யாருடைய இடுப்பில்?

சென்ற மாரியில் ஒஸ்லோவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் சிறைக்காவலர் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தான். இந்த நாட்டில் அது இலேசில் கிடைக்கிற இடமல்ல. ஆனால் அந்த வீட்டில் அதற்கான சந்தோஷம் எதையும் நான் காணவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அண்ணை, ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. மறியல்காவல்காரன் எண்டால் சனம் என்ன நினைக்கும்? ஆரும் கேட்டால் அரசாங்க உத்தியோகம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

தகப்பன் அதுவரை பேசாமலிருந்தவர். "வெலிக்கடையில எங்கட பெடியளைக் கொல்லச் சாவி குடுத்தவங்கள் போட்ட உடுப்பையோ இவன் போடப்போறான்?" என்றார்.

பெடியன் கோபப்படவில்லை. என்னைத்தான் கேட்டான்: "மாமா, எங்கட ஆக்கள் மறியலைப் பற்றி எவ்வளவோ கதைக்கினம், எழுதியிருக்கினம். அதுக்குள்ள வேலை செய்யிறவனைப் பற்றித் தமிழில ஒரு புத்தகம் இருக்கோ?"

முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழில் வந்ததையெல்லாம் தேடித் தேடி வாசித்தவன் என்ற நினைப்போடு இருப்பவன் நான். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு அன்று சொல்லாமல் விட்ட பதில்தான்.

*

எமது சிறை எழுத்தில் எல்லாம் இருக்கின்றன. அறை இருக்கிறது, மூட்டைப்பூச்சி இருக்கிறது, அடி இருக்கிறது, கம்பிக்கு வெளியே தெரியும் ஒரு துண்டு வானம் இருக்கிறது, தோழர்களின் பாட்டும் உண்ணாவிரதமும் இருக்கின்றன. காவலன் மட்டும் இல்லை. இருந்தாலும் அவன் இரண்டு வார்ப்புகளில் ஒன்றாகத்தான் வருகிறான். ஒன்று, பூட்ஸ் காலோடு வரும் மிருகம். மற்றது, யாரும் காணாமல் ஒரு சிகரெட்டையோ ஒரு துண்டுக் கடிதத்தையோ கொண்டுவந்து தரும் வயதான, நல்ல சிங்களவர். முதலாமவரை வைத்து எமது கோபத்தை எழுதுகிறோம். இரண்டாமவரை வைத்து எமது பரந்த மனதை எழுதுகிறோம். இருவரையும் பற்றி நாம் எதையும் அறிந்துகொள்வதில்லை.

அவனுக்கு எவ்வளவு சம்பளம்? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் நிற்கிறான்? வேலைக்கு எடுத்தபோது என்ன படிப்பித்தார்கள்? எத்தனை பேரை எத்தனை பேர் காவல் காக்கிறார்கள்? அவன் பேசும் மொழி உள்ளே இருப்பவனுக்கு விளங்குமா? அவனுக்குக் கட்டளையிடுபவன் யார், கட்டளை பிழையென்றால் அவன் யாரிடம் போகலாம்? இவை இலக்கியத்துக்குப் புறம்பான, கணக்கப்பிள்ளையின் கேள்விகள் என்று யாராவது சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காத எழுத்தில் சிறை ஒரு சூறாவளிபோல, வந்து அடித்துவிட்டுப் போகும் இயற்கைக் கொடுமையாகிவிடுகிறது. சூறாவளியின்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

சிறை ஒரு நிறுவனம். சம்பளப் பதிவேடும் கடமை நேர அட்டவணையும் பதவி உயர்வும் உள்ள இடம். அங்கே நடக்கும் கொடுமையும் பெரும்பாலும் அந்த அட்டவணைக்குள்தான் நடக்கிறது.

*

இலங்கையின் சிறைகள் இன்றைக்கும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழேயே நடக்கின்றன. திருத்தங்கள் பல வந்துவிட்டன, எலும்புக்கூடு அதுதான். வெலிக்கடையைக் கட்டியது அதற்கும் முன்னர், 1841இல். கண்டியின் போகம்பரைச் சிறை 1876இல் கட்டப்பட்டு 2014 வரை பாவனையில் இருந்தது. 1905இல்தான் சிறைகளைப் பொலிசாரிடமிருந்து பிரித்துத் தனித் திணைக்களம் ஆக்கினார்கள். வெள்ளைக்காரன் இதை அமைத்தது ஒரு குடியேற்ற நாட்டை அடக்கி வைத்திருக்க. பூட்டுவது, எண்ணுவது, வேலை வாங்குவது, மீறினால் அடிப்பது. சவுக்கடி என்ற தண்டனையைச் சட்டத்திலிருந்து எடுக்கவே 2005 வரை சென்றது.

மேலே ஆணையாளர் நாயகம். அவருக்குக் கீழே ஆணையாளர்கள், ஒவ்வொரு சிறைக்கும் அத்தியட்சகர், பிறகு பிரதான ஜெயிலர், ஜெயிலர்மார், கடைசியில் சாதாரண காவலன். கைதியோடு நாள் முழுவதும் பழகுபவன் இந்தக் கடைசி ஆள்தான். அதிகாரம் மிகக் குறைந்தவனும் பயிற்சி மிகக் குறைந்தவனும் அவனே. மேலே இருப்பவர் கைதியைக் கோப்பில் பார்க்கிறார்.

இதில் நெரிசலைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். சிறைகளின் அதிகாரபூர்வக் கொள்ளளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்கள் பல வருடங்களாக உள்ளே இருந்து வருகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வழக்கு முடியாத விளக்கமறியற்காரர். தண்டனை பெற்று வருபவர்களிலும் பெருந்தொகையானோர் போதைப்பொருள் வழக்குக்காரரும், நீதிமன்றம் விதித்த குற்றப்பணத்தைக் கட்ட வழியில்லாத ஏழைகளும். ஒரு மண்டபத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டோரை அடைத்துவிட்டு வெளியே ஓரிரு காவலரை நிறுத்தினால் அந்த மண்டபத்தை நடத்துவது யார்? காவலன் அல்ல, அவனால் முடியாது. உள்ளே இருக்கும் பலசாலிகள், பழைய கைதிகள், வெளியே பணமும் ஆளும் உள்ளவர்கள்தான் நடத்துகிறார்கள். படுக்க இடம் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் கேட்கவேண்டும். காவலன் அவர்களோடு ஒத்துப்போனால்தான் தன் நேரத்தைச் சுமுகமாக முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆட்பற்றாக்குறை என்று திணைக்கள அறிக்கையில் ஒரு சொல்லில் முடிந்துபோவது உள்ளே அதிகாரம் கைமாறுவதாக நிகழ்கிறது.

இவற்றையெல்லாம் முறையாகச் சேர்த்துப் பார்த்தது, எனக்குத் தெரிந்து, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்காக அம்பிகா சற்குணநாதன் தலைமையில் நடந்த சிறைச்சாலை ஆய்வுதான். 2018இல் 20 சிறைகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். அறிக்கை 2020இல் வந்தது. அதன் பெறுமதி, கைதிகளின் துன்பத்தோடு காவலரின் நிலைமையையும் பேசியதில் இருக்கிறது. ஆள் போதாமை, முடிவில்லாத கடமை நேரம், அவர்களே படுத்தெழும்ப நல்ல இடமில்லாமை, போதாத பயிற்சி. எமது பத்திரிகைகளில் அந்த அறிக்கையைப் பற்றி வந்தவற்றில் காவலர் பற்றிய பகுதியை யாரும் எடுத்துப் பேசியதாக நான் காணவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது கொடுமைகளின் பட்டியல் மட்டுந்தான்.

*

1983 யூலையை இந்தக் கண்ணோடு ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்வேன்.

யூலை 25இல் வெலிக்கடையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் அன்று இறந்தவர்கள். யூலை 27இல் இன்னும் 18 பேர். காந்தியம் இயக்கத்து டொக்டர் ராஜசுந்தரம் அன்று இறந்தவர். மொத்தம் 53. இந்த எண்களை எமது பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நாம் நின்று யோசிக்காமல் விட்டது அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் இருந்த 26ஆம் திகதியை.

25ஆம் திகதி நடந்ததை ஒரு வெறியாட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அரசு அப்படித்தான் சொன்னது, கைதிகளின் கலவரம் என்று. 26ஆம் திகதி வெலிக்கடையில் அத்தியட்சகர் இருந்தார், ஜெயிலர்மார் இருந்தார்கள், முறை மாறிக் காவலர் வந்து போனார்கள், காலையில் கைதிகளை எண்ணினார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். மரண விசாரணைக்கு நீதவான் வந்தார். ஒரு முழு நிறுவனமும் கடமையில் இருந்த நாள் அது. உயிர்தப்பிய தமிழ்க் கைதிகள் அதே மதிலுக்குள்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த நாள் திரும்பவும் கூட்டம் வந்தது, திரும்பவும் கதவுகள் வழிவிட்டன. சாவிகள் கொலைகாரரின் கைக்குப் போனது காவலரின் ஒத்தாசையோடுதான் என்று உயிர்தப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். தடுக்க முயன்ற அதிகாரிகள் சிலர் இருந்ததாகவும் பதிவுகள் உண்டு. மரண விசாரணை இவை மனிதக் கொலைகள் என்று முடிவு சொன்னது. இன்றுவரை அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இனவெறி என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிடுகிறோம். இனவெறி இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரத்தில் இனவெறி தெருவெல்லாம்தான் இருந்தது. தெருவில் ஓடித் தப்ப இடமிருந்தது, ஒளித்து வைக்கச் சில அயலவர் இருந்தார்கள். சிறையில் இருந்தவனை அரசு தன் பொறுப்பில், தன் பூட்டுக்குள், தன் சம்பளக்காரரின் கையில் வைத்திருந்தது. அவனுக்கும் கொலைகாரனுக்கும் இடையில் நின்றது ஒரு காவலன் மட்டுமே. அந்தக் காவலன் எங்கிருந்து வந்தான், யார் தெரிந்தெடுத்தது, என்ன சொல்லிப் பழக்கியிருந்தார்கள், கதவைத் திறக்கமாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் அவனுடைய மேலாளர் அவனோடு நின்றிருப்பாரா என்ற கேள்விகளுக்கு நாம் போகவேயில்லை. அந்த 53 பேரும் தெய்வங்களாகிவிட்டார்கள். அவர்களைக் கொன்ற நிறுவனம் ஆராய்ச்சி இல்லாமல் தப்பிவிட்டது.

அது தப்பியதன் விலையைப் பிறகு எல்லோரும் கொடுத்தார்கள். 2012 யூனில் வவுனியாச் சிறையில் தமிழ்க் கைதிகள் தங்களில் ஒருவரை இடமாற்றியதை எதிர்த்துக் காவலர் சிலரைப் பணயமாகப் பிடித்தார்கள். விசேட அதிரடிப்படை உள்ளே புகுந்தது. அடித்து வேறு சிறைகளுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் நிமலரூபன் என்ற இளைஞன் யூலையில் இறந்தான். அதே வருடம் நவம்பரில் வெலிக்கடையில் அதே படை சோதனைக்கென்று நுழைந்ததில் 27 கைதிகள் இறந்தார்கள். இந்த முறை இறந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர். 2020 நவம்பரில் மஹர சிறையில், கொரோனா தொற்றுக்குப் பயந்து தங்களை வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்ட கைதிகளிடையே எழுந்த குழப்பத்தில் 11 பேர் இறந்தார்கள். ஆயிரம் பேருக்குரிய இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்த சிறை அது.

2012 வெலிக்கடைப் படுகொலைக்காக முன்னாள் சிறைச்சாலை ஆணையாளர் ஒருவருக்கு 2022 சனவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அதே வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பொலிஸ் அதிகாரி விடுதலையானார். மரணதண்டனையை நான் ஏற்றுக்கொள்பவனல்ல. ஆனாலும் சிறைக்குள் நடந்த கொலைக்குச் சிறை அதிகாரி ஒருவர் பொறுப்புக் கூறவேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை நாம் கவனித்திருக்கவேண்டும். இறந்தவர்கள் எம்மவர் இல்லை என்பதால் எமது பத்திரிகைகளுக்கு அது ஒரு மூலைச் செய்தி. 1983க்கு நாம் கேட்கும் நீதிக்கு முன்மாதிரியாகக் காட்டக்கூடிய ஒரு வழக்கு அது என்று எத்தனை பேர் யோசித்தோம்?

2021 செப்டெம்பர் 12இல் நடந்ததையும் சொல்லவேண்டும். சிறைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சராக அப்போது இருந்த லொஹான் ரத்வத்த அநுராதபுரம் சிறைக்குள் போய்த் தமிழ் அரசியற் கைதிகளை முழங்காலில் இருத்தித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று கைதிகள் முறையிட்டார்கள். அவர் சிறைப் பொறுப்பைத் துறந்தார். மற்ற இராஜாங்க அமைச்சுப் பொறுப்பைத் துறக்கவில்லை. எனக்கு அந்தச் செய்தியில் உறுத்தியது வேறொன்று. கைதிகளைக் கூப்பிட்டு வரிசையில் கொண்டுவந்து விட்டவர்கள் யார்? சிறைக் காவலர்தான். அமைச்சர் கேட்டால் கதவு திறக்கும். 1983இல் கூட்டம் கேட்டபோது திறந்த கதவு 38 வருடத்துக்குப் பிறகு அமைச்சர் கேட்டபோது திறந்தது. திறக்கமாட்டேன் என்று சொல்லும் அதிகாரத்தையும் துணிவையும் அந்தக் கடைசிக் காவலனுக்கு யாரும் கொடுத்ததில்லை.

*

இனி நண்பரின் மகன் போகும் இடத்துக்கு வருகிறேன். நோர்வேயைப் புகழ்வதற்காக அல்ல; எம்மவர் சிலர் நோர்வேச் சிறையை உல்லாச விடுதி என்று பகிடி பண்ணுவதோடு விட்டுவிடுகிறார்கள்.

இங்கே சிறைக்காவலனாக வேண்டுமென்றால் இரண்டு வருடம் படிக்கவேண்டும். அதற்கென்றே ஓர் உயர்கல்லூரி இருக்கிறது. படிக்கும்போதே சம்பளம் உண்டு. சட்டம், உளவியல், குற்றவியல், ஒழுக்கவியல் படிப்பிக்கிறார்கள். ஆளைக் காயப்படுத்தாமல் பிடித்து அடக்குவதையும் படிப்பிக்கிறார்கள். சிறைக்குள் காவலர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு காவலனுக்கும் சில கைதிகள் பொறுப்புக் கொடுக்கப்படுகிறார்கள். அவர்களுடைய வழக்கு, குடும்பம், வெளியே போனபிறகு வீடு, வேலை எல்லாவற்றையும் பற்றி அவர்களோடு இருந்து பேசுவதும் அவனுடைய கடமை. பூட்டுகிறவனும் ஆறுதல் சொல்கிறவனும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்பது இவர்களின் எண்ணம்.

இன்னொரு ஏற்பாடு இதிலும் முக்கியமானது. சிறைக்குள் படிப்பிக்கும் ஆசிரியர் சிறைத் திணைக்களத்தின் சம்பளக்காரரல்ல. வெளியே உள்ள பாடசாலையின் ஆசிரியர். வைத்தியரும் தாதியும் அந்த ஊர் நகரசபையின் ஆட்கள். 1988 முதல் அப்படித்தான். நூலகரும் வெளியேயிருந்துதான் வருகிறார். இதை இறக்குமதி முறை என்கிறார்கள். இதன் பயனை நாம் விளங்கிக்கொள்ள ஒரு கணம் போதும். அடிகாயத்தோடு வரும் கைதியைப் பார்க்கும் வைத்தியருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் அத்தியட்சகரின் கையில் இல்லை. அவர் கண்டதை எழுதலாம்.

இந்த முறையை எழுதி முன்வைத்தவர்களில் முக்கியமானவர் நில்ஸ் கிறிஸ்டி. 2015இல் காலமான இந்தக் குற்றவியல் அறிஞரின் முதல் ஆராய்ச்சியைப் பற்றி எம்மவர் அறிந்துகொள்ளவேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் யூகோஸ்லாவியாவிலிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளை நோர்வேக்குக் கொண்டுவந்தார்கள். பலரை வடக்கே முகாம்களில் அடைத்துத் தெருப்போட விட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் இங்கேயே இறந்தார்கள். 1942 யூலையில் பெய்ஸ்பியோர்ட் என்ற முகாமில் மட்டும் ஏறத்தாழ முந்நூறு நோயாளிகளை ஒரே இரவில் கொன்றார்கள். அந்த முகாம்களில் ஜெர்மானியரோடு காவலுக்கு நின்றவர்கள் நோர்வேக்காரர், ஊர்ப்பெடியள். போர் முடிந்தபின் கொலைக்காகவும் வதைக்காகவும் அவர்களில் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்து இளம் மாணவனாக இருந்த கிறிஸ்டி அவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அதே முகாம்களில் நின்றும் அப்படிச் செய்யாத காவலரிடமும் போய்ப் பேசினார். இருவருக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்பதே அவருடைய கேள்வி.

கண்டுபிடித்தது மிக எளிமையானது. கொல்லாதவர்கள் பலர் கைதிகளோடு எப்படியோ பேசியிருந்தார்கள். ஒரு கைதி வைத்திருந்த மனைவி பிள்ளையின் படத்தைப் பார்த்திருந்தார்கள். அவர்களுக்குக் கைதி ஒரு மனிதனாகத் தெரிந்துவிட்டான். கொன்றவர்களின் கண்ணில் அவன் அழுக்குப் பிடித்த, விளங்காத பாஷை பேசும் ஒரு பிராணி. இந்த ஆய்வு 1952இல் முடிந்தது. எமது காவலர் மிருகங்கள், பைத்தியக்காரர் என்று சொல்லாமல், எம்மைப் போன்ற சாதாரண நோர்வேக்காரர் என்று சொன்ன இதைக் கேட்க நாடு அப்போது ஆயத்தமாக இருக்கவில்லை. புத்தகமாக வர 1972 ஆனது.

பொறுப்பிலுள்ள கைதியோடு காவலன் உட்கார்ந்து பேசவேண்டும் என்ற இன்றைய விதியைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் படம் பார்த்த காவலரின் நினைவுதான் வரும். வெலிக்கடையில் ஒரு சிங்களக் காவலனுக்கும் யாழ்ப்பாணத்துக் கைதிக்கும் இடையில் பொதுவாக எந்தப் பாஷை இருந்தது? படத்தைக் காட்டியிருந்தாலும் இது என் மகள் என்று சொல்ல ஒரு சொல் இருந்திருக்குமா?

நோர்வே சுவர்க்கமல்ல. 2015க்குப் பிறகு எல்லா அரச நிறுவனங்களிலும் வருடாவருடம் போட்ட சிறு சிறு வெட்டுகள் சிறைகளில் ஆட்குறைப்பாக வந்து நின்றன. ஆள் குறைந்தால் கைதி அறைக்குள் பூட்டியபடியே இருக்கவேண்டியதுதான். பிரெட்வெய்ட் பெண்கள் சிறையில் கைதிகளின் உயிருக்கே ஆபத்து இருப்பதாக ஒம்புட்ஸ்மன் 2023இல் பாராளுமன்றத்துக்குத் தனி அறிக்கையே கொடுத்தார். இடம் போதாமல் 2015 முதல் 2018 வரை நெதர்லாந்தில் நோர்கர்ஹாவன் என்ற சிறையை வாடகைக்கு எடுத்தார்கள். சட்டம் நோர்வேயுடையது, பணிப்பாளர் நோர்வேக்காரர், காவலர் ஒல்லாந்தர். அங்கே ஒரு கைதி வதைக்கப்பட்டால் நோர்வேப் பொலிஸ் போய் விசாரிக்க முடியாது என்பதைக் கண்டித்தது இதே ஒம்புட்ஸ்மன் அலுவலகம்தான். பிழைகள் நடக்கின்றன. பிழையைப் பிழை என்று எழுதுகிறவனுக்கு உள்ளே போக அனுமதியும், எழுதியபின் உயிரும் இருக்கின்றன.

*

இவ்வளவும் எழுதிவிட்டு இங்கே நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் எழுதியவனாவேன். சிறை நடத்தியவர்கள் சிங்கள அரசு மட்டுமல்ல. நாமும் நடத்தினோம்.

தஞ்சாவூர்ப் பக்கம் புளொட் தன் சொந்தத் தோழர்களை அடைத்து வதைத்ததைக் கோவிந்தன் 'புதியதோர் உலகம்' நாவலில் 1985இலேயே எழுதிவிட்டார். விடுதலைப் புலிகளின் துணுக்காய் முகாமைப் பற்றிச் சொல்ல உயிரோடு மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள். கவிஞர் செல்வியை 1991இல் யாழ்ப்பாணத்தில் புலிகள் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. வேறு இயக்கங்களுக்கும் பங்கர்கள் இருந்தன. வெள்ளைக்காரனின் 1877ஆம் ஆண்டுச் சட்டத்திலாவது ஒரு பதிவேடு உண்டு, நீதவான் வந்து பார்க்கலாம், மரணம் நடந்தால் விசாரணை உண்டு. எமது சிறைகளில் அதுவும் இருக்கவில்லை. காவலர் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். பாஷை ஒன்றுதான், ஊரும் பக்கத்து ஊர்தான். கிறிஸ்டி சொன்ன அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை. அப்படியிருந்தும் நடந்தது. துரோகி என்ற ஒரு சொல் பாஷை விளங்காமைக்குச் சமனாக வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எங்களில் பலருக்கு அதுதான் முதல் வேலை. என்னோடு அறையில் இருந்தவர் ஓர் இயக்கத்தில் இருந்து வந்தவர். எந்த இயக்கம் என்பது இங்கே தேவையில்லை. சூரியன் எழாத மாதமொன்றில், நித்திரை வராத ஓர் இரவு, நான் ஒன்றும் கேளாமலே சொன்னார்: "நான் ஒருத்தரையும் அடிக்கேல்லை. சாவி மட்டுந்தான் வைச்சிருந்தனான்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன நடந்தது, எத்தனை பேர், யாருக்குச் சாப்பாடு கொடுத்தார், யாரை வெளியே கூட்டிக்கொண்டு போகக் கதவு திறந்துவிட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த நாள் இருவரும் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டினோம்.

அந்த ஊரிலிருந்து ஒரு நாள் பஸ் ஓட்டத்துக்குள்தான் கராஷோக் இருக்கிறது, யூகோஸ்லாவியக் கைதிகள் செத்த முகாம்களில் ஒன்று. எனக்கு அப்போது அது தெரியாது.

கைதிகள் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதுவார்கள். சாவி வைத்திருந்தவர்கள் எழுதவில்லை. அவர்கள் ஒஸ்லோவிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் எம்மோடு ஒரே கோவிலில் கும்பிடுகிறார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிவருகிறார்கள். நல்ல தகப்பன்மார். அவர்களை நீதிமன்றத்தில் ஏற்றவேண்டும் என்பது வேறு விவாதம். அது நடக்கவேண்டிய இடமும் வேறு. நான் கேட்பது அவர்கள் எழுதவேண்டும் என்பதை. பெயர் போடாமலாவது எழுதட்டும். யார் கட்டளையிட்டது, இரவு எத்தனை பேர் காவல், கதவைத் திறக்கச் சொன்னபோது மனதில் என்ன ஓடியது, மறுத்த ஒருவன் இருந்தானா, அவனுக்கு என்ன நடந்தது. இவற்றை அறியாமல் எமக்கு ஒரு நாடு கிடைத்திருந்தால் அதன் சிறைகளையும் இவர்களைக் கொண்டே, இப்படியே நடத்தியிருப்போம்.

நண்பரின் மகன் இப்போது ஒரு சிறையில் பயிற்சியில் இருக்கிறான். போனமுறை கண்டபோது வேலை எப்படி என்று கேட்டேன். "சாவிக்கொத்து நல்ல பாரம், மாமா. பின்னேரம் வீட்டை வந்து கழட்டினாப் பிறகும் இடுப்பில தொங்கிற மாதிரியே கிடக்கு" என்றான். தாய் பக்கத்தில் நின்றார். இந்த முறை அவர் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்கவில்லை.